இருபத்திநாலு பாயிண்ட்

புஷ்பபாயைச் சாது என்று சொல்கிறவர்கள் அவளோடு ஒரு நாளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். நான் பதினோரு மாதம் பார்த்தேன், பக்கத்து நாற்காலியில். ஒரு வரி மற்ற வரிகளைவிட மயிரிழை இறங்கி நின்றால் போதும், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இது யாருக்க வேலை பிள்ளே? கண்ணு முகத்துலதானே இருக்கு?" என்று கேட்பாள். குரல் உயரவே உயராது. கேட்டு வாங்கியவளுக்கு அன்றைக்கு மத்தியானச் சோறு இறங்காது.

நான் பிரசீதா. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவில், தமிழ்நாடும் கேரளமும் முட்டுகிற இடத்தில் எங்கள் வீடு. பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடம் வீட்டில் சும்மா இருந்து அம்மாவிடம் ஏச்சு வாங்கிவிட்டு, தொண்ணூற்றெட்டு தொடக்கத்தில் அமரவிளையில் ரெத்தினதாஸ் சார் திறந்த கம்ப்யூட்டர் ஆபீசில் சேர்ந்தேன். அவர் பம்பாயில் இருபது வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். நெடுஞ்சாலையோரம் ஓர் உரக்கடை, அதன் மேல்மாடியில் ஏழு கம்ப்யூட்டர், ஏழு பெண்கள். கீழேயிருந்து எலும்புத்தூள் வாடை ஏறி வரும். வெளியே செக்போஸ்டுக்கு வரிசை கட்டிய லாரிகள் ஹார்னை அமுக்கிக்கொண்டே நிற்கும். அதற்கு நடுவில் உட்கார்ந்து நாங்கள் லண்டன்காரனுக்கு இன்டர்நெட் பக்கம் செய்துகொண்டிருந்தோம். திருவனந்தபுரத்துக் கம்பெனி ஒன்று வெளிநாட்டு வேலையைப் பிடிக்கும். இடுப்பொடிகிற பகுதியை எங்களிடம் தள்ளும். அம்மா ஊரெல்லாம் "எம்மவ கம்ப்யூட்டர்ல ஆக்கும்" என்று சொல்லித் திரிந்தாள்.

வந்த வேலை ஒரு தோட்டச் சாமான் கடையினுடையது. மண்வெட்டி, கத்தரி, தண்ணீர்க்குழாய், பூந்தொட்டி என்று நானூறு பக்கம். மண்வெட்டியைப் படத்தில் பார்த்து வாங்குகிற ஆட்களும் உலகத்தில் இருக்கிறார்களே என்று நாங்கள் சிரித்தோம். ஏழு பேரும் பக்கங்களைப் பங்கு போட்டுக்கொண்டோம். அன்றைய வழக்கப்படி ஒவ்வொரு பக்கத்திலும் ஒவ்வொரு வரிக்கும் என்ன எழுத்து, என்ன நிறம், எவ்வளவு பெரிது என்று தனித்தனியாக எழுதி வைக்க வேண்டும். எழுதினோம். அவளவள் கைக்கு வந்தபடி எழுதினோம்.

முதல் நூறு பக்கம் போய், லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ரெத்தினதாஸ் சார் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆடினார்.

"ஏழு கம்பெனி சேந்து செய்ததான்னு கேக்கான் பாருங்க! ஒருத்திக்க பச்சை வாழையிலை, இன்னொருத்திக்க பச்சை குளத்துப் பாசி. 'வாங்கு'ன்னு ஒரு பட்டன், அது ஒரு பக்கத்துல உருண்டையா இருக்கு, அடுத்த பக்கத்துல செங்கல்லு போல இருக்கு. மானம் போச்சே!"

புஷ்பபாய் மட்டும் எழுந்தாள்.

"சாரே, கல்யாணக் கார்டு போல செய்தா செரியாவும்."

"கல்யாணக் கார்டா? யாருக்கு, மண்வெட்டிக்கா கல்யாணம்?"

எல்லோரும் சிரித்தோம். நானும்தான். அவள் சிரிப்பு ஓய்கிறவரை நின்றாள்.

"மண்வெட்டிக்கும் பெரிய பேரு, சின்ன பேரு உண்டுல்லா சாரே."

அவள் எங்கே இருந்து வந்தாள் என்று சொன்னால்தான் இது விளங்கும். புஷ்பபாய் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதினெட்டு வயதிலிருந்து நெய்யாற்றின்கரையில் ஓர் அச்சகத்தில் வேலை. முதலில் அச்சுக் கோத்தாள், கம்ப்யூட்டர் வந்ததும் அதில் எழுத்தடித்தாள். எங்கள் பக்கத்தில் கல்யாணக் கார்டு என்பது லேசான காரியமில்லை. பெண்வீடு தமிழ் வாசிக்கும், மாப்பிள்ளைவீடு மலையாளம் வாசிக்கும். கார்டில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம் என்று இரண்டு மொழியும் வேண்டும். ஒரு தரம் பாறசாலைக் கல்யாணம் ஒன்றில் தமிழ் எழுத்து சிறுத்துப்போய், "எங்களைக் கொறச்சுக் காட்டியாச்சு" என்று பெண்ணின் அம்மாவன், அதாவது தாய்மாமன், பந்தியிலிருந்து எழுந்து போனார். அம்மாவன் எழுந்தால் பாதிப் பந்தல் எழும். எழுந்தது. மறுநாள் அச்சகத்துக்கு முன்னால் ஒரே ஆள்கூட்டம்.

அதற்குப் பிறகுதான் புஷ்பபாய் எழுத்தின் அளவுக்கென்று ஒரு நோட்டுப்புத்தகம் போட்டாள். பெண், மாப்பிள்ளை பெயர் இருபத்திநாலு பாயிண்ட். தாய்தகப்பன் பதினாறு. அம்மாவன் பதினாலு, ஆனால் தடித்த எழுத்தில், யார் கண்ணிலிருந்தும் தப்பாத இடத்தில். மற்ற சுற்றமெல்லாம் பத்து. மலையாள எழுத்து உருண்டு பெரிதாகத் தெரியும் என்பதால் எதிர்ப்பக்கத்துத் தமிழை ஒரு பாயிண்ட் கூட்டிவைத்தால்தான் கண்ணுக்குச் சமமாகும் என்பதுவரை எழுதியிருந்தாள். சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட ஒரு விதியும் உண்டு: "பேரு நீளமானா ரெண்டு பேரையும் சேத்துக் குறைக்கணும். ஒண்ணை மட்டும் குறைக்கக் கூடாது." அந்த நோட்டு வந்தபிறகு ஏழு வருடத்தில் கார்டைச் சொல்லி ஒரு பந்தலிலும் சண்டை வந்ததில்லை.

அந்த நோட்டைத்தான் அவள் அமரவிளைக்குக் கொண்டு வந்தாள். அச்சுக்கு எழுத்தடிக்கிற கம்ப்யூட்டரில் 'ஸ்டைல்' என்று ஒன்று உண்டு, எழுத்தின் அளவையும் நிறத்தையும் ஒரு பெயரில் சேர்த்து வைப்பது. அதே சங்கதி இன்டர்நெட்டிலும் வந்திருக்கிறது என்று ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் பார்த்திருந்தாள். நாங்கள் வரிவரியாக எழுதி வைத்த நிறம், அளவு அவ்வளவையும் பிடுங்கிப் போட்டாள். எல்லாவற்றையும் ஒரே ஒரு ஃபைலில் எழுதினாள். பொருளின் பெயர் பெண்ணுமாப்பிள்ளை. வகையின் பெயர் தாய்தகப்பன். விலை அம்மாவன், தப்பாமல் கண்ணில் படவேண்டும். அடியில் வருகிற சில்லறை விவரமெல்லாம் சுற்றம். நாங்கள் பக்கத்தில் 'இது அம்மாவன்' என்று ஒரு வார்த்தை குறித்தால் போதும். அம்மாவன் என்ன நிறத்தில், எவ்வளவு பெரிதாக நிற்பார் என்பதை அந்த ஃபைல் பார்த்துக்கொள்ளும். 'வாங்கு' பட்டனுக்கும் அப்படித்தான், நானூறு பக்கத்திலும் ஒரே வளைவு, ஒரே பச்சை. அன்றைக்கு எல்லோரும் இன்டர்நெட் பார்த்த இரண்டு பிரவுசரில் ஒன்று, கட்டத்துக்குள் போட்ட எழுத்துக்கு மட்டும் விதியை மதிக்காமல் முரண்டு பிடித்தது. அதற்காக அதே விதியை இரண்டாம் தரம் எழுதி அதன் கொட்டத்தையும் அடக்கினாள். லண்டன் கடையின் பக்கங்களுக்குள்ளே எங்கள் ஊர் அம்மாவன் நானூறு இடத்தில் உட்கார்ந்திருந்தார். பெயரை நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே வேலை செய்தோம்.

ரெத்தினதாஸ் சாருக்குத் தலைகால் புரியவில்லை. "இந்த வேலை குறையில்லாம முடியட்டு புஷ்பபாய், உன்னை ஸ்திரமாக்குதேன். நான் வாக்கு மாறுத ஆளு இல்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

ஸ்திரம் என்ற வார்த்தைக்காக அவள் எத்தனை காத்திருந்தாள் என்று எனக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் ஈசாக் லாரியில் லோடு ஏற்றுகிறவர். மேலேயிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது. எழுந்து நடக்க ஆள் பிடிக்க வேண்டும். மாதம் ஒரு தரம் மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோக வேண்டும். கொண்டுபோனால் அவளுக்கு அன்றைக்குச் சம்பளம் இல்லை, அங்கே படுக்கவைத்து நாலு நாள் தொடர்ந்து ஆபீசுக்கு வராவிட்டால் வேலையே இல்லை. மூன்று மாதமாக அவரைக் கொண்டுபோகாமல் இருந்தாள். "ஸ்திரமாயாச்சுன்னா லீவு உண்டுல்லா பிள்ளே. லீவு போட்டாலும் நாற்காலி அங்கேயே கெடக்கும்" என்று என்னிடம் பஸ் ஸ்டாப்பில் சொன்னாள். அச்சகத்துக்காரர் திரும்ப வருகிறாயா என்று கேட்டு ஆள் அனுப்பியபோது, வேறு ஆளைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டாள்.

தொண்ணூற்றொன்பது ஜனவரி. திருவனந்தபுரத்துக் கம்பெனியிலிருந்து நிக்கோலஸ் என்று ஒருவர் வந்தார். லண்டன்காரனுக்குப் பச்சை அலுத்துவிட்டதாம். எல்லாம் நீலமாக வேண்டுமாம், வெள்ளிக்கிழமைக்குள். ரெத்தினதாஸ் சார் முகம் வெளிறிவிட்டது. நானூறு பக்கம், ஏழு பேர், பழைய கணக்கில் இரண்டு வாரம். புஷ்பபாய் ஃபைலைத் திறந்து ஒரு வரியைத் திருத்தினாள். கடைப்பையன் கொண்டுவைத்த சாயாவில் ஆவி போவதற்குள் நானூறு பக்கமும் நீலம்.

நிக்கோலஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பக்கம் பக்கமாகத் திறந்து பார்த்தார். ஒரு பச்சை மிச்சமில்லை. எனக்கு அப்படியொரு பெருமை. என்னமோ நானே செய்தது மாதிரி எழுந்து நின்று, நாக்கில் சனி ஏறியது தெரியாமல் சொன்னேன்:

"பாத்தியளா சாரே, எங்க புஷ்பக்காவுக்க வேலை! இனி என்னத்துக்கு ஏழு பேரு? ரெண்டு பேரு போதும்லா!"

எல்லோரும் சிரித்தார்கள். நிக்கோலஸும் சிரித்தார். ரெத்தினதாஸ் சார் சிரிக்கவில்லை. ஏழு நாற்காலியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். மறுபக்கத்து நாற்காலியில் இருந்த டீனா என் சுடிதாரைப் பிடித்து இழுத்து, "வாயை வச்சுக்கிட்டு சும்மா இரியேன் பிள்ளே" என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

இதுவரை நடந்தது வாய்க்கொழுப்பு. அதை யாரும் மன்னித்துவிடலாம். பிறகு நடந்ததற்கு என்னிடம் அப்படி ஒரு சாக்கும் இல்லை.

பத்து நாள் கழித்து சார் என்னை மட்டும் அவர் அறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பிரசீதா, உள்ளதைச் சொல்லணும். புஷ்பபாய் இல்லாம அந்த ஃபைலை உனக்குப் பாத்துக்கிட முடியுமா?"

எதற்குக் கேட்கிறார் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. பச்சைப் பிள்ளைக்கும் விளங்கும். 'அவள் இல்லாமல் முடியாது சார்' என்று சொல்லியிருக்க வேண்டும். அது உண்மையும்கூட, அந்த முரண்டு பிரவுசரை அவள் எப்படி வழிக்குக் கொண்டுவந்தாள் என்பது எனக்கு இன்றுவரை முழுதாகத் தெரியாது. ஆனால் அந்த மாதம்தான் பெருங்கடவிளையிலிருந்து பிஜு வீட்டார் என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். பெண்ணுக்கு வேலை உண்டா என்பதைத்தான் இரண்டு தரம் கேட்டார்கள். அதுவும் போக, அந்தக் கேள்வி எனக்கு இனித்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், இனித்தது.

"முடியும் சார்" என்றேன்.

பிப்ரவரி முதல் தேதி காலையில் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார். வேலை குறைந்துவிட்டது, இனி ஸ்வப்னாவும் நானும் போதும் என்றார். ஸ்வப்னாவும் பி.எஸ்சி.தான். புஷ்பபாய் தன் பெயரும் வரும் என்று கடைசிவரை நின்றாள். வராது என்று தெரிந்ததும் ஓர் அடி முன்னால் வந்தாள்.

"சாரே, ஸ்திரமாக்குதேன்னு வாக்கு சொன்னியளே?"

"சொன்னேன். வேலை உண்டுன்னாத்தானே ஸ்திரம்? அந்த ஃபைலு எழுதி முடிச்சாச்சு புஷ்பபாய். இனி அதைப் பாத்துக்கிடத்தானே ஆளு வேணும். டிகிரி உள்ள பிள்ளைய இருக்கு. பிரசீதாவே முடியும்னு சொல்லியாச்சு."

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"அப்படியா பிள்ளே?"

நான் கீபோர்டைப் பார்த்தேன். அதில் எத்தனை எழுத்து இருக்கிறதோ அத்தனையையும் பார்த்தேன். சீ, என்ன ஜென்மம் நான்! ஒரு 'இல்லக்கா'கூட வாயில் வரவில்லை.

அவள் அழவில்லை, திட்டவில்லை. சோற்றுப் பாத்திரத்தைப் பையில் வைத்தாள். மேசை இழுப்பறையிலிருந்து நோட்டுப்புத்தகத்தை எடுத்து என் மேசையில் வைத்தாள். "இது உனக்கு வேணும்லா" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். டீனா மட்டும் போகிற போக்கில், "நல்லா இருப்ப நீ" என்றாள். அதை எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று கேட்கிற தைரியம் எனக்கில்லை.

மார்ச்சில் நிக்கோலஸ் வந்து அந்த ஃபைலைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார். அம்மாவனையும் தாய்தகப்பனையும் அழித்துவிட்டு ஆங்கிலப் பெயர் வைத்து, தங்கள் கம்பெனியின் கண்டுபிடிப்பு என்று லண்டன்காரனிடம் காட்டினார்களாம். அங்கேயே ஓர் ஆள் போதுமென்றாகிவிட்டது. பிறகு எங்கள் மாடிக்கு என்ன வேலை? மே மாதம் ரெத்தினதாஸ் சார் என்னையும் ஸ்வப்னாவையும் போகச் சொன்னார். மாடியை உரக்கடைக்காரனுக்கே குடோனாக விட்டார். ஒரு சொல்லைச் சொல்லி நான் சம்பாதித்தது நாலு மாதம். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. வேலை போனதை அம்மா பிஜு வீட்டில் சொல்லவில்லை.

புஷ்பபாய் திரும்ப அதே அச்சகத்துக்குப் போனாள் என்று கேள்விப்பட்டேன். அவள் நாற்காலியில் வேறு ஒரு பெண் இருந்தாள். அந்தப் பெண்ணுக்குக் கீழே, வேலை இருக்கிற நாளில் மட்டும் கூப்பிடுகிற ஆளாகப் போனாள். ஈசாக்கை அதற்குப் பிறகு மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டுபோனபோது, நாள் கடந்துபோயிற்று, இனி எழுந்து நடப்பது சந்தேகம் என்று சொல்லிவிட்டார்களாம். பஸ்ஸில் பார்த்த டீனா சொன்னாள். சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் என் கல்யாணம். பிஜுவின் அம்மாவன் நெய்யாற்றின்கரையில் கார்டு அடிக்கக் கொடுத்திருந்தார். எந்த அச்சகம் என்று நான் கேட்கவில்லை. கட்டுக்கட்டாக வந்து இறங்கி, பாதிக்குமேல் ஊரெல்லாம் கொடுத்து முடித்தபிறகுதான் நான் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். விளிம்பு, இடைவெளி, அம்மாவன் நிற்கிற இடம், எல்லாம் அப்படியொரு ஒழுங்கு. தமிழ் ஒரு பாயிண்ட் கூட்டி வைத்திருந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது யாருடைய கை என்று. கண் நிறைந்துவிட்டது எனக்கு. எல்லாவற்றையும் மறந்து, எனக்காக நல்லபடி செய்திருக்கிறாளே என்று நினைத்தேன்.

பிறகு பெயர்களைப் பார்த்தேன். பிஜு. பிரசீதா. ஏதோ உறுத்தியது. தம்பியின் ஜியாமெட்ரி பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து வைத்து அளந்தேன். பிஜு அவள் விதிப்படி நின்றான். நான் இரண்டு பாயிண்ட் இறங்கியிருந்தேன். திருப்பி மலையாளப் பக்கத்தை அளந்தேன். அங்கேயும் இரண்டு பாயிண்ட். இன்னொரு கார்டு, இன்னொரு கார்டு என்று எடுத்து அளந்தேன், அச்சில் ஒன்றுக்கொன்று மாறும் என்கிற மாதிரி.

அம்மா எட்டிப் பார்த்தாள். "என்னட்டீ செய்யுத?"

"எனக்க பேரு சின்னதா இருக்கும்மா."

"எங்க? எல்லாம் ஒண்ணுபோலத்தானே இருக்கு. உனக்க பேரு நீளம், அதுக்குக் கொஞ்சம் கொறச்சிருப்பாவ. வேற வேலை இல்லியா உனக்கு?"

நீளமானால் இரண்டையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். சிவப்பு மையில் அடிக்கோடு போட்டு அவள் எழுதிய நோட்டு என் அலமாரியில்தான் இருந்தது. அறுநூறு கார்டு. பாறசாலையிலிருந்து பெருங்கடவிளைவரை ஒருத்தர் கண்ணிலும் அது படாது. படுகிற மாதிரிப் பார்க்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து பழகியிருக்க வேண்டும். பழகினவள் நான் ஒருத்திதான்.

கல்யாணத்துக்கு அவளை நான் அழைக்கவில்லை, முகமில்லை. ஆனாலும் வந்தாள். பிஜுவின் அம்மாவன் அச்சகத்துக்காரர்கள் எல்லோரையும் அழைத்திருந்தார். மேடைக்கு வந்து பிஜுவிடம் சிரித்தாள், என் கையைப் பிடித்தாள். இளைத்துப் போயிருந்தாள். நான் ஈசாக் அண்ணனைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன். அவள் முந்திக்கொண்டாள்.

"கார்டெல்லாம் செரியா வந்துதா மக்கா?"

பக்கத்தில் பிஜு நின்றுகொண்டிருந்தான். அவன் வீட்டார் எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"வந்துதுக்கா. ஒரு குறையும் இல்ல" என்றேன்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒரு தரம் பார்த்தாள்.

"அளந்துதான் வச்சேன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனாள்.